பச்சை மூடி டப்பா

வெளியே அனுப்பும் பண்டத்தை எங்கள் வீட்டில் யாரும் முன்னதாக வாயில் வைக்க மாட்டோம். அது அம்மாவின் சட்டம். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சாமிக்கு வைப்பதை ருசி பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் அப்படித்தான், எச்சில் பண்ணிக் கொடுக்கக் கூடாது என்பாள். உப்பு சரியா என்று கேட்டால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்வாள்.

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன். பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுப் போகும். மூக்கால் உப்பை அளக்க முடியாது என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன்.

"உன் மிஷினுக்கு முடியாது. எனக்கு முடியும். போடி."

அம்மாவின் பெயர் சங்கரி. சின்ன காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டில் பிறந்தாள். எட்டாவது வரை படித்தாள். இருபது வயதில் அப்பாவைக் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள். அப்பா வீரபாகு, சாயக்காரர். தறிக்காரர்கள் கொண்டுவரும் கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்து, பிறகு சாயம் ஏற்றிக் கொடுப்பார். பட்டறை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பட்டு வேகும்போது செத்த புழுவின் நாற்றம் வரும். அது பட்டறையில் இருக்கும் எல்லாவற்றிலும் ஏறும்: துணி, மூங்கில் கழி, சோடா மூட்டை, அப்பா. அம்மா முப்பத்தைந்து வருடம் அந்த வேலையில் பாதியைச் செய்தாள். நனைந்த நூலைப் பார்த்தே அது காய்ந்தால் என்ன நிறமாகும் என்று சொல்வாள். அப்பா அவளைக் கேட்காமல் அண்டாவிலிருந்து நூலை எடுத்ததில்லை.

கேக் செய்யக் கற்றுக்கொண்டது நாற்பத்தெட்டாவது வயதில். வாலாஜாபாத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்த ஏஞ்சல் எங்கள் தெருக் கோடியில் குடிவந்தாள். முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். முட்டை போட்டது என்பதால் அம்மா சாப்பிடவில்லை. ஆனால் நெடுநேரம் முகர்ந்து பார்த்தாளாம்.

"வாசனை நல்லா இருக்குது. முட்டைய எடுத்துட்டா நம்ம ஊட்டுக்கும் ஆவும்."

"முட்டைய எடுத்துட்டா அது கேக் இல்லக்கா, கொழுக்கட்டை."

"கொழுக்கட்டையைப் பத்தி எங்கிட்ட பேசாத. நாளைக்கு சாயங்காலம் வா."

இருவரும் ஆறு மாதம் மல்லுக்கட்டினார்கள். முட்டைக்குப் பதிலாகத் தயிர், தயிரின் புளிப்போடு சேர்ந்து பொங்க ஆப்ப சோடா. மாவு வறண்டு போகாமல் இருக்கத் துருவிய கேரட். சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரை. மேலே பூச கிரீம் சீஸ். சீஸுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பதுண்டு; கடையில் விற்கும் பாக்கெட் சைவமா என்று கேட்டதற்குக் கடைக்காரருக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா தானே செய்தாள். பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து மிக்ஸியில் அடிப்பாள். வெள்ளையாக, பட்டுப் போல வரும். லேசான புளிப்பு.

தெரு முதலில் சிரித்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் தையல்நாயகி அம்மாள் வாசலில் நின்று கேட்டார்:

"ஏன்டி சங்கரி, கேரட் பொரியலுக்கு எதுக்கு இம்மாம் அலங்காரம்?"

"பொரியல்னு நெனச்சே சாப்புடுக்கா. சோறு மட்டும் கேக்காதே."

தையல்நாயகி அம்மாள் வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. கறி மீன் புழங்காத வீடு. அவர் சாப்பிட்டுவிட்டால் தெருவே சாப்பிடும். சாப்பிட்டார். அதன் பிறகு பிறந்தநாள், சீமந்தம், புதுத் தறி போடுவது எல்லாவற்றுக்கும் அம்மாவின் கேக். சங்கரி செய்தது என்றால் முட்டையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாமி அறை வரைக்கும் போகும் கேக் என்று ஏஞ்சல் சொல்லுவாள். அம்மா கேட்காதது போல மாவைச் சலிப்பாள். ஆனால் அடுத்த நாள் காலை யாராவது பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இனி இரண்டு டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் வெறுமனே சோடா என்றால் பட்டறை சோடா. சலவைக் காரம். பட்டு வேகவைக்க மூட்டையாக வரும். அதில் கொஞ்சம் சமையலறையிலும் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கான தட்டுகளைத் தேய்க்க. கேக்குக்குப் போடுவது ஆப்ப சோடா. இரண்டும் வெள்ளைப் பொடி. ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்களில், ஒரே அலமாரியில். பச்சை மூடி ஆப்ப சோடா, சிவப்பு மூடி பட்டறை சோடா. ஆபத்தான ஏற்பாடு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு மூடியே வேணாம். பட்டறை சோடா பட்டறை மாதிரி நாறும்" என்றாள் அம்மா.

இந்த வருடம் போகிக்கு வீட்டைக் கழுவினார்கள். அம்மா இரண்டு டப்பாக்களையும் தேய்த்துக் காயவைத்து மறுபடி நிரப்பினாள். அடுத்த சனிக்கிழமை தையல்நாயகி அம்மாளின் பேத்தி திரிஷாவுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். கேக் போனது.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். தையல்நாயகி அம்மாள் மூடிய தட்டோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சங்கரி, கோவிச்சிக்காதே. இதுல என்னா போட்டே?"

"எப்பவும் போடறதுதான். ஏன்க்கா?"

"பாத்திரம் தேய்க்கிற பவுடர் மாதிரி இருக்குது. புள்ளைங்க எல்லாம் துப்பிடுச்சுங்க. வெளியாளுங்களும் வந்திருந்தாங்க."

திரும்பி வந்த பண்டத்துக்கு அம்மாவின் சட்டம் கிடையாது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தானே இருக்குது?"

நானும் ஒரு துண்டு எடுத்தேன். வாய் முழுக்கச் சோப்பு வாடை. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தையல்நாயகி அம்மாளின் முகத்தை. இன்னொரு துண்டை எடுத்து மிக மெதுவாக மென்றாள். எதையோ தேடுகிறவள் போல.

அலமாரியைத் திறந்து இரண்டு டப்பாக்களையும் முகர்ந்தேன். பச்சை மூடியில் பட்டறை நாற்றம். சிவப்பு மூடியில் எதுவும் இல்லை. மூடிகள் மாறியிருந்தன. அம்மாவிடம் டப்பாவை நீட்டினேன்.

"இது நாறுதா?"

முகர்ந்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

அந்த வாரமே சென்னையில் ஸ்கேன் எடுத்தோம். நெற்றி எலும்புக்குப் பின்னால், வாசனை நரம்புகளின் மேல் ஒரு கட்டி. ஐந்தரை சென்டிமீட்டர். புற்று இல்லை, மெதுவாக வளர்வது. ஆனால் இப்போது மூளையை அழுத்துகிறது. எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை நாளாக வாசனை தெரியவில்லை என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு வருடமும் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவர். பட்டு வேகும் நாற்றம் அவள் மூக்கில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ரயிலில் திரும்பும்போது அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வாசனை போனதும் ருசியும் பெரும்பாலும் போய்விட்டது; உப்பு, புளிப்பு, இனிப்பு என்று தெரியும், வேறு எதுவும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தாள். நிறத்தைப் பார்த்து இறக்கினாள். பால் கெட்டுவிட்டதா என்று அறிய, கை வேலையாக இருப்பது போல நடித்து அப்பாவைப் பார்க்கச் சொன்னாள். கேக்கை நாங்கள் யாரும் முன்னதாக ருசிப்பதில்லை. அவளும் ருசிக்க வேண்டியதில்லை. அவளுடைய சட்டம் அவளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா யாருடி எங்கிட்ட கேக் வாங்குவா?"

அறுவை சிகிச்சைக்கு பிப்ரவரி இருபத்தெட்டு, புதன்கிழமை என்று தேதி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு அம்மா போனில் சொன்னாள்: தையல்நாயகி வீட்டுக்கு ஒரு கேக் செய்யப் போகிறேன்.

"இப்ப எதுக்கு? எல்லாம் முடிஞ்சு வந்து செய்யலாம்."

"திரும்பி வந்தாத்தானே. சோப்பைத் தின்னக் குடுத்துட்டு நான் போய் மேசையில படுக்க மாட்டேன். ஒரு கேக். நல்லதா. என் கையால. நீ வா, பாரு. ஆனா எதையும் தொடக் கூடாது."

பதினேழாம் தேதி சனிக்கிழமை மாலை வந்தேன். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்தேன். இரண்டு டப்பாக்களும் அதே இடத்தில் இருந்தன, பச்சை மூடி இடது பக்கம், சிவப்பு வலது பக்கம். ஜனவரியில் வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் அவற்றைக் கொட்டிவிடும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தேன். பட்டறைக்குப் போய்க் கேட்டேன்.

"டப்பாவைக் கொட்டினீங்களாப்பா?"

"எந்த டப்பா?" என்றார் அப்பா, அண்டாவிலிருந்து கண் எடுக்காமல்.

அப்படியானால் யாரும் தொடவில்லை. மூடிகள் இன்னும் மாறியே இருக்கின்றன. அம்மாவிடம் சொன்னால், தன்னை நம்பவில்லை என்று நினைப்பாள். சொல்லாமல் விட்டால் நாளை மறுபடி சோப்பு. மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டேன். பச்சை மூடியை இடது பக்கமே வைத்தேன். பத்து நொடி ஆகியிருக்கும்.

முகர்ந்து பார்க்க இரண்டு நொடி போதும். பார்க்கவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் காரணம் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் ஒரு கருவியை இப்படித் திருத்துகிறவரை நான் வேலையை விட்டு அனுப்பச் சொல்வேன். திருத்துவதற்கு முன் இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அது முதல் விதி.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். ராஜாஜி மார்க்கெட்டிலிருந்து அப்பா வாங்கிவந்த கேரட்டைத் தானே சீவித் துருவினாள். மைதா, பட்டைத் தூள், ஜாதிக்காய். பச்சை மூடி டப்பாவிலிருந்து தலை தட்டிய ஒரு ஸ்பூன் பொடி. எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, தயிர். ஒவ்வொன்றையும் போடும் முன் நின்று, விரலை மடக்கி எண்ணி, பிறகு போட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரிட்சை எழுதற மாதிரி இருக்குதுடி. டீச்சர் மாதிரி குந்திக்கினு முறைக்காதே."

"காப்பி அடிக்கிறியான்னு பாக்கறேன்."

சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு.

ஓவனில் வைத்து முப்பது நிமிடம் ஆனதும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"கலர் ஏறிக்கினு இருக்குது."

"நாட்டுச் சர்க்கரைம்மா. அப்படித்தான் இருக்கும்."

"இல்லடி. இது வேற. செவப்பு ஜாஸ்தியா இருக்குது."

"பல்பு வெளிச்சம்மா. சரியாத்தான் இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். நூலின் நிறத்தைப் பற்றி அவள் சொன்னதை முப்பத்தைந்து வருடத்தில் யாரும் மறுத்ததில்லை.

"சரி. நீ சொன்னா சரி" என்றாள்.

ஆறியதும் கிரீம் சீஸைப் பூசினாள். பூச்சு கேக்கின் நிறத்தை மூடிவிட்டது. ஓரத்தைத் தட்டைக் கத்தியால் வழித்து நேராக்கினாள். நல்ல வேலை.

எப்போதும் பண்டத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அன்று தையல்நாயகி அம்மாளின் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞாயிறு என்பதால் தறிகள் ஓடவில்லை.

"வெட்டுக்கா. நீ சாப்பிடறதைப் பாத்துட்டுத்தான் போவேன்."

"இப்பவேவா? மத்தியானம் சாப்பாடு ஆவட்டுமே."

"இப்பவே."

திரிஷா கத்தியைக் கொண்டுவந்து வெட்டினாள். உள்ளே அடர்ந்த செம்பழுப்பு. அம்மா ஓவனருகே சொன்ன நிறம் அதுதான். தையல்நாயகி அம்மாள் ஒரு வாய் வைத்தார். தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மென்றார். விழுங்கினார்.

"நல்லா இருக்குது சங்கரி. பழையபடி ஆயிடுச்சு."

திரிஷாவும் விழுங்கினாள். "சூப்பர் அத்தை" என்றாள். சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நாக்கு இல்லை. எங்கள் முகங்கள்தான் நாக்கு. என் பக்கம் திரும்பினாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"திரிஷா, ஒரு டம்ளர் தண்ணியில மஞ்சத்தூள் கலக்கி எடுத்தா."

"எதுக்கு அத்தை?"

"எடுத்தாடி கண்ணு."

சாயக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மஞ்சள் தண்ணீரில் பட்டறை சோடா பட்டால் குங்குமமாகச் சிவக்கும். ஆப்ப சோடாவுக்கு அவ்வளவு மாறாது. அம்மா கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து டம்ளரில் போட்டு விரலால் கரைத்தாள். தண்ணீர் துண்டைச் சுற்றிச் சிவந்தது. பிறகு டம்ளர் முழுவதும் சிவந்தது.

திரிஷா டம்ளரிலிருந்து கண்ணை எடுத்துப் பாட்டியைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா பொய் சொன்னே?" என்றாள் அம்மா.

"ஆப்பரேஷனுக்குப் போற பொம்பளை. உங்கிட்ட வேற என்னாடி சொல்லுவேன்?" தையல்நாயகி அம்மாள் அழுதுவிட்டார்.

அம்மா அழவில்லை. கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது சொன்னாள்:

"ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னிக்கே மூடிய மாத்திப் போட்டேன். வெள்ளிக்கிழமை மஞ்சத்தண்ணியில ரெண்டையும் பாத்தேன். பச்சை மூடியில செவக்கல. நல்லாப் பாத்தேன்டி. இன்னிக்கு பச்சையிலதான் எடுத்தேன். எடுத்தேன்தானே?"

"ஆமாம்மா, எடுத்தே."

"அப்ப எப்படி?"

நடந்துகொண்டே இருந்தோம்.

"வெள்ளிக்கிழமை பாத்தது நெஜமா, நானா நெனச்சிக்கினேனா? மூக்குதான் போச்சுன்னு நெனச்சேன்." தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "உள்ளயும் போச்சு போல."

ஒரே பிழையை இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், தனித்தனியாகத் திருத்தினோம். பிழை திரும்பி வந்துவிட்டது. அவள் திருத்தியது சோதித்துப் பார்த்து. நான் திருத்தியது சோதிக்காமல். இதை அந்தத் தெருவிலேயே, அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள். வீட்டுக்குப் போய் மறுபடி மாவு சலித்திருப்பாள். கேரட் மிச்சம் இருந்தது.

சொல்லவில்லை. அன்று மாலை சொல்லலாம் என்று இருந்தேன். மாலையில் அவள் சுருண்டு படுத்திருந்தாள். காலையில் எனக்கு வேலை. பிறகு அறுவை சிகிச்சைக்கு முன்னால் மனதைக் கலைக்க வேண்டாம், முடிந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு காரணம் கிடைத்தது. நல்ல காரணம். அதைப் பத்து நாள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நாளில் அம்மா எதையும் தானாகச் செய்யவில்லை. சோறு வெந்ததா என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை கேட்டாள். அண்டாவிலிருந்து நூலை எடுக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, "என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியல" என்றாளாம். அப்பா எனக்குப் போன் செய்து சொன்னார். கட்டி அழுத்துகிறது, அதனால் அப்படி என்றேன் நான். ஆனால் ஜனவரி ஸ்கேனில் இருந்த அதே கட்டிதான்; அப்போது அவள் இப்படி இல்லை.

இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு மாத்திரை ஆகாது. அதன் பெயரை எந்த டாக்டரிடமும் அவளே முந்திக்கொண்டு சொல்வாள். அன்று என்னைக் கைகாட்டினாள்.

"அவளைக் கேளுங்க. எனக்கு நெனப்பு சரியில்ல."

புதன்கிழமை கட்டியை எடுத்தார்கள். முழுவதும் வந்துவிட்டது என்றார் டாக்டர். வியாழக்கிழமை மூளை வீங்கத் தொடங்கியது. இப்படி ஆகலாம் என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஐசியூவுக்குள் விட்டபோது காதருகில் குனிந்து சொன்னேன்: மூடியை மாத்தினது நான்தாம்மா. குழாய் வழியாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது. கண் இமை அசையவில்லை. சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு இறந்தாள். ஐம்பத்தைந்து வயது.

கருமாதி முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். தையல்நாயகி அம்மாளின் எதிர்வீட்டு மணியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"அந்தக் கேக்கை யாரும் மனசுல வச்சிக்கலம்மா. தங்கமான கை. கடைசியில அதுவும் அவளை விட்டுப் போயிடுச்சு. சீக்குக்காரி என்னா பண்ணுவா பாவம்."

இரண்டு நாள் கழித்து அப்பா பட்டறையில் அடுப்பு மூட்டினார். போய் நின்று, முழுவதையும் சொன்னேன். கழியில் நூலைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"அவகிட்ட சொன்னியா?"

"ஐசியூல சொன்னேன்."

"அதைக் கேக்கல."

"சொல்லலப்பா."

நூலை இன்னும் இரண்டு தடவை திருப்பினார். அவர் முகம் நீராவிக்குப் பின்னால் இருந்தது.

"தையல்நாயகி ஊட்டுக்குப் போ. எங்கிட்ட சொன்ன மாதிரியே அங்க சொல்லு."

போனேன். தையல்நாயகி அம்மாள் தறியின் பாவு நூலில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார். பாதியிலேயே கையை ஆட்டினார்.

"வேணாம்மா. உங்கம்மா பேருக்காகப் பழியை நீ தூக்கிப் போட்டுக்கறே. பெத்த பொண்ணு, அப்படித்தான் சொல்லுவே. விடு. யாரும் ஒண்ணும் நெனைக்கல."

"நெனைக்கிறாங்க. கை போச்சுன்னு சொல்றாங்க."

"சீக்குலதானே போச்சு."

"கை போகலை. அவங்க ஜனவரியிலயே மூடியை மாத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை மஞ்சள் போட்டுப் பார்த்தாங்க. சனிக்கிழமை சாயங்காலம் அவங்க குளிக்கிறப்ப நான் திருப்பி மாத்தினேன். ஓவன்ல கலர் தப்பா இருக்குதுன்னு சொன்னாங்க. நான்தான் சரின்னு சொன்னேன்."

இழையை முடிந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து திரிஷா வந்து கதவோரம் நின்றாள்.

"அன்னிக்கு எங்கூட்டுல அவ மஞ்சத்தண்ணி கரைச்சாளே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெருவுல வர்றப்ப தெரிஞ்சது."

"ஆப்பரேஷனுக்கு எத்தினி நாள் இருந்துது?"

"பத்து நாள்."

"பத்து நாள்" என்று அவரும் சொன்னார். "உள்ளயும் போச்சுன்னு நெனச்சிக்கினேதான் போனாளா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்தார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். தறி வீட்டில் பேசிப் பழகிய குரல் அவருக்கு. தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும்.

"ஏ மணியம்மா! மணியம்மா! இங்க வா. சங்கரி சரியாத்தான் போட்டிருக்கா!"

"என்னாது?" எதிர்வீட்டிலிருந்து.

"சோடாடி. அவ சரியாத்தான் பாத்து வச்சிருக்கா. அவ கையில தப்பு இல்ல."

"யாரு சொன்னது?"

"அவ பொண்ணு சொல்லுது. பொண்ணுதான் மாத்தி வச்சிருக்குது."

மணியம்மாள் தன் வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டிலும் யாரோ எட்டிப் பார்த்தார்கள். தையல்நாயகி அம்மாள் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"வா. வந்து நீயே சொல்லு."

வாசலுக்குப் போய் நின்றேன். முதலிலிருந்து சொன்னேன். மணியம்மாள் கேட்டுவிட்டு, அம்மாவின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தையல்நாயகி அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அம்மாவின் கேக் போன வீடுகள் எங்கள் தெருவில் பதினொன்று. எட்டு வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். மற்ற மூன்றுக்கும் மறுநாள் போனோம்.